எழுத்துக்கு முந்நூற்று நாற்பது

குருசுக்குப்பத்தில் ஒரு வீடு.
நெற்றியில் நான்கு இடம் காலி,
ஐந்தாவதில் மட்டும் டி.

மற்றதைக் கார்த்திகைப் புயல் கொண்டுபோனதாம்.
பிறகு குடியிருந்தவர் சுவருக்கு வெள்ளையடித்தார்,
டியைக் கழற்றச் சோம்பல்பட்டு
அதைச் சுற்றியே.

என்ன வார்த்தை இருந்தது என்று கேட்டேன்.
மதாம் எவ்லினுக்குத் தெரியாது.
அத்தை செத்து, வீடு கைக்கு வந்து,
அவர் பிரான்சிலிருந்து வந்தே இருபது நாள்.
இஸ்திரி வண்டிக்காரர் கெஸ்ட் என்றார்.
ஆட்டோ மரியநாதன் செயிண்ட் என்றான்,
சொல்லும்போதே சிலுவை போட்டுக்கொண்டான்.
எதிர்வீட்டுக்கு வந்த கொத்தனார்கள்
டீக்கடை என்று நினைத்து
இரண்டு தடவை கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

நான் அண்ணா சாலையில் எழுத்து விற்கிறவன்.
அக்ரிலிக், ஒரு அடி உயரம்,
எழுத்துக்கு முந்நூற்று நாற்பது.

மதாமின் கணக்கு எளிது:
டி இருக்கிறது, நாலுக்குத்தான் காசு.
"அஞ்செழுத்து, கடைசி டி. இங்கிலீஷ்ல
எத்தனையோ இருக்குமே, சொல்லுங்க."

பில் புத்தகத்தின் பின்னட்டையில் கிறுக்கினேன்.
நைட், லைட், ரைட், டைட், ஃபைட்.
இவற்றில் மூன்றாவதும் நான்காவதும்
வாயே திறக்காது.
ஊமைக்கும் முந்நூற்று நாற்பதா என்றார்.
ஊமைக்கும் அதே ஆணி, அதே பசை, மதாம்.

ஸ்வீட்: அவருக்குச் சர்க்கரை.
ட்ரஸ்ட்: வரிக்காரன் வந்து நிற்பான்.
கோர்ட்: தூலூசில் இருக்கிற தம்பி பங்கு கேட்கிறான்,
அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.
ஃபீஸ்ட் வைக்கலாம், முதல் எழுத்து மாறினால் மிருகம்.
கெஸ்ட் வைக்கலாம், நடுவில் இரண்டு மாறினால் பேய்.
அடுத்த புயல் எதைப் பிடுங்கும், எதை விடும்,
யார் கண்டது?
ஹார்ட் என்று எழுதி நானே அடித்துவிட்டேன்.
ஜிப்மருக்குப் போகிறவர்கள் இங்கேயே இறங்கிவிடுவார்கள்.

கடையிலிருந்து தமீம் போன் போட்டான்.
"கடைசி எழுத்து டின்னு குறிச்சிருக்கீங்க.
டீ குடிக்கிற டியா, டெல்லிக்குப் போற டியா?"
நம் எழுத்துக்கு இரண்டும் ஒன்றுதான், என்ன செய்ய.

மதாமுக்கும் கடைசி எழுத்தோடு பழைய தகராறு.
தாத்தா சொல்தா, இந்தோசீனா போய் வந்தவர்.
பிரெஞ்சில் அந்தச் சொல்லின் வாலிலும் ஒரு டி உண்டாம்;
எழுதுவார்கள், சொல்லமாட்டார்கள்.
எனக்கோ சொன்னாலும் போதாது:
லைட்டு, நைட்டு, ஃபைட்டு.
வல்லினத்தில் நிறுத்தினால்
நாக்கு அங்கேயே தொங்கிக்கொண்டு நிற்கிறது,
அரை மாத்திரை உகரம் போட்டுத்தான் இறக்குகிறேன்.
அந்த அரைக்கு நான் காசு வாங்குவதில்லை.

மணி மூன்று. கடல்காற்று ஏணியை ஆட்டியது.
"அந்த டியையும் கழட்டிடுங்க," என்றார் திடீரென்று.
"அப்பத்தான் எந்த வார்த்தையும் வைக்கலாம்."

துருப்பிடித்த திருகு. தேங்காய் எண்ணெய் விட்டு,
கால்மணி நேரம் மல்லுக்கட்டி,
வந்தது.

அடியில் மஞ்சள்.
வெள்ளை படாத, வெயிலும் படாத
அந்த வீட்டின் பழைய மஞ்சள்,
டி அளவுக்கு மட்டும்.

மதாம் தெருவில் இறங்கி நின்று பார்த்தார்.
சைக்கிள் ஒன்று மணியடித்து
அவரைச் சுற்றிக்கொண்டு போனது.
"அத்தை அனுப்பின போட்டோ எல்லாம்
கறுப்பு வெள்ளை," என்றார்,
என்னிடம் இல்லை.

நான் மேலேயே நின்றேன்.
கையில் எழுத்து, சுவரிலும் எழுத்து.

"திரும்ப வச்சிடுங்க."
வார்த்தை?
"யோசிக்கணும்."

பில் எழுதினேன்:
டி கழற்றி அதே டி மாட்டிய கூலி
நூற்றைம்பது.
எழுத்து வகையில், இல்லை.